மறு: சிறு மண் அணைகளின் ‘ஹசார்ட்’ வகைப்பாடு – ‘உடைப்பு விளைவு வகை’ சரிவருமா?

வணக்கம். அணைப் பாதுகாப்புச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதலாம் என்ற பேச்சில், அணை உடைந்தால் கீழே எவ்வளவு சேதம் ஆகும் என்பதை வைத்து வகை பிரிக்கும் ‘ஹசார்ட் பொடென்ஷியல்’ பற்றி ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘ஹசார்ட் பொடென்ஷியல்’ என்பதற்கு ‘ஆபத்துநிலை’ போதுமே. எல்லோருக்கும் புரிகிற சொல்தான்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். படகு விடவும் தூண்டில் போடவும் கட்டிய சின்ன மண் அணை ஒன்றை ‘உயர் ஆபத்துநிலை’ என்று பட்டியலில் போட்டால், கரை இன்றோ நாளையோ உடையப்போகிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த வகைப்பாடோ கரையின் உறுதியைப் பற்றிப் பேசுவதே இல்லை. உடைந்தால் கீழே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பது மட்டும்தான் கணக்கு. கரையின் நிலைமைக்குத் தனி ஆய்வு, தனி மதிப்பீடு.

அமெரிக்கக் கூட்டாட்சி வழிகாட்டுதலில் மூன்று வகைகள் உண்டு. உடைந்தால் ஓர் உயிராவது போகும் என்றால் முதல் வகை. உயிருக்குச் சேதமில்லை, ஆனால் சாலையோ குடிநீர்க் குழாயோ மின்தடமோ அடிபடும் என்றால் இரண்டாவது. சேதம் அணை உரிமையாளரின் நிலத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும் என்றால் மூன்றாவது. ஆகவே கீழே ஆளில்லாத பெரிய அணை மூன்றாவது வகையிலும், முகாம் மைதானத்துக்கு மேலே இருக்கும் குட்டி அணை முதல் வகையிலும் வரலாம்.

அதனால் என் பரிந்துரை ‘உடைப்பு விளைவு வகை’. ‘கரை உடைப்பு’, ‘ஏரி உடைப்பு’ என்பதெல்லாம் ஏற்கெனவே நம் வாயில் புழங்குபவை. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும்கூட ‘ஹசார்ட்’டை விட்டுவிட்டு ‘விளைவு’ என்ற பொருளில்தான் வகைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்வகைகளை உயிர்ச்சேத வகை, பொருட்சேத வகை, சொற்பச் சேத வகை எனலாம். இரண்டாவதில் சுற்றுச்சூழல் கேடும் அடங்கும் என்பதால் ‘பொருட்சேதம்’ கொஞ்சம் இடிக்கிறது. ‘இடர்’ வேண்டாம், ஒருவர் அதை ‘ஹசார்ட்’டுக்கு எழுதுகிறார், அடுத்தவர் ‘ரிஸ்க்’குக்கு எழுதுகிறார்.

அப்புறம், படகு, மீன்பிடி போன்ற பொழுதுபோக்குக்கான அணையை ‘கேளிக்கை அணை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பெயரே விஷயத்தை லேசாக்கிவிடுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் சவுத் ஃபோர்க் அணையும் அப்படிப்பட்டதுதான். பணக்காரர்களின் மீன்பிடி, வேட்டை கிளப்புக்குச் சொந்தமான மண் அணை. வண்டிகள் போக வசதியாகக் கரையின் உச்சியைத் தாழ்த்தினார்கள். மீன் தப்பிப் போகாதபடி கலிங்கில் (மிகுதி நீர் வெளியேறும் வழியில்) கம்பித் தடுப்பு வைத்தார்கள். அடியில் இருந்த வடிகுழாய்களை முன்பிருந்த உரிமையாளரே எடுத்துவிட்டார். கிளப் அவற்றைத் திரும்பப் போடவில்லை, ஆக நீர்மட்டத்தை இறக்க வழியே இல்லை. 1889 மே 31 அன்று அடைமழை. குப்பையும் கிளைகளும் தடுப்பில் சிக்கிக் கலிங்கு அடைபட, தண்ணீர் கரைமேல் ஏறி வழிந்து அணை உடைந்தது. ஜான்ஸ்டவுன் நகரிலும் வழியிலிருந்த ஊர்களிலும் 2,200-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது: கிளப் கரையில் கையே வைக்காமல் இருந்திருந்தாலும் அது உயிர்ச்சேத வகைதான், கீழே ஊர் இருந்ததே. அவர்கள் கெடுத்தது கரையின் நிலைமையை. ‘ஆபத்துநிலை’ என்று ஒரே சொல்லைப் போட்டால் இந்த இரண்டும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

மற்றவை சுருக்கமாக. ‘ஸ்பில்வே’க்குக் கலிங்கு இருக்கும்போது ‘உபரிநீர்ப் போக்கி’ எதற்கு? ‘பைப்பிங்’கை ‘குழாய் அரிப்பு’ என்றால் இரும்புக் குழாய் துருப்பிடிப்பதாக நினைப்பார்கள். அது கரைக்குள்ளே நீர் புகுந்து மண்ணை இழுத்துக்கொண்டு வருவது. கரையின் அடியில் கசிவு தெளிவாக வந்தால் அளந்து குறித்துத் தொடர்ந்து கவனிக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் போய்க்கொண்டிருக்கிறது, உடனே பொறியாளரைக் கூப்பிட வேண்டும். ‘உள்ளரிப்பு’ சரியாக இருக்கும்.

இன்னொன்று பாக்கி. அணையில் ஒரு கல்லும் நகராமல், கீழே புது வீடுகள் முளைத்ததாலேயே அதன் வகை ஏறிவிடும். ‘ஹசார்ட் கிரீப்’ என்கிறார்கள். ‘வகையேற்றம்’ என்று இப்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.