விலக்கு வலயத்துக்கு வெளியே தாக்கப்பட்ட பெல்கிரானோ: சட்டம் என்ன சொல்கிறது?

கேள்வி

வணக்கம். ஃபாக்லாந்துத் தீவுகளுக்காக பிரிட்டனும் ஆர்ஜென்டீனாவும் 1982ஆம் ஆண்டு நடத்திய போரில், மே 2 அன்று, ஆர்ஜென்டீனாவின் 'ஜெனரல் பெல்கிரானோ' போர்க்கப்பலை பிரிட்டனின் 'காங்கரர்' என்ற அணுசக்தி நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. 323 பேர் இறந்தார்கள். தீவுகளைச் சுற்றி 200 கடல் மைல் தொலைவுக்கு பிரிட்டன் அறிவித்திருந்த விலக்கு வலயத்துக்கு (உள்ளே நுழையும் கப்பல்கள் தாக்கப்படலாம் என்று எச்சரிக்கப்பட்ட கடற்பகுதி) வெளியே, தாய்நாட்டுக் கரையை நோக்கி அந்தக் கப்பல் சென்றுகொண்டிருந்தது. எல்லையை வகுத்தவர்களே அதற்கு அப்பால் தாக்கியது சட்ட மீறல் ஆகாதா?

மறுமொழி 1

நண்பரே, வலயத்துக்குள் இருந்தால் தாக்கலாம், வெளியே இருந்தால் தாக்கக்கூடாது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆனால் சட்டம் அப்படி இல்லை. எதிரியின் போர்க்கப்பல், சரணடையாத வரை, நடுநிலை நாடுகளின் கடற்பகுதி தவிர எங்கிருந்தாலும் தாக்கத்தக்க இலக்குதான். பின்வாங்குவது வேறு, சரணடைவது வேறு. காலையில் மேற்கே செல்லும் கப்பல் மாலையில் கிழக்கே திரும்பலாம். தன் படைகளுக்கு அச்சுறுத்தலாகக்கூடிய எந்தக் கப்பலும் தக்க பதிலடியைச் சந்திக்கும் என்று ஏப்ரல் 23 அன்றே பிரிட்டன் சுவிட்சர்லாந்து வழியாக ஆர்ஜென்டீனாவுக்குத் தெரிவித்திருந்தது. வலயம் அறிவிப்பதால் ஒரு நாட்டின் போர்க்காலக் கடமைகள் குறைந்துவிடாது என்று கடற்போர்ச் சட்டங்களைத் தொகுத்துக் கூறும் 1994இன் சான் ரெமோ கையேடும் கூறுகிறது.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கம் சரியே. இருந்தாலும் அதோடு விஷயம் முடிந்துவிடவில்லை என்பது என் கருத்து. பிரிட்டன் தற்காப்பு உரிமையைக் கூறியே படை அனுப்பியது. அந்த உரிமையைப் பயன்படுத்தும்போது தேவைக்கும் அளவுக்கும் உட்பட்டே பலத்தைக் கையாள வேண்டும். பெரு நாட்டின் சமரச முயற்சி நடந்துகொண்டிருந்த அதே நாளில் இத்தாக்குதல் தேவைதானா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. இறந்தவர்களின் உறவினர்கள் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, காலக்கெடு கடந்துவிட்டதென்று 2000இல் தள்ளுபடியானது. தாக்குதல் நியாயமா என்ற கேள்விக்குள் அந்த நீதிமன்றம் செல்லவே இல்லை.

மறுமொழி 3

எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது மீட்புக் கடமை. ஒவ்வொரு மோதலுக்குப் பின்னும், கடலில் தத்தளிப்பவர்களைத் தேடி மீட்க, இயன்ற எல்லா நடவடிக்கைகளையும் தாமதமின்றி எடுக்க வேண்டும் என்கிறது 1949இன் இரண்டாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 18ஆம் பிரிவு. இங்கு 'இயன்ற' என்ற சொல்தான் கனமானது. உடன் வந்த எதிரி நாசகாரிக் கப்பல்கள் இரண்டு அருகில் இருக்கும்போது ஒரு நீர்மூழ்கி மேலே வந்து ஆட்களை ஏற்றிக்கொள்வது இயலாத செயல். வணிகக் கப்பலாக இருந்திருந்தால் நீர்மூழ்கிகளுக்கான போர் விதிகளைக் கூறும் 1936இன் லண்டன் நெறிமுறைப்படி, பயணிகளையும் மாலுமிகளையும் முதலில் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பிறகே மூழ்கடித்திருக்க முடியும்; போர்க்கப்பலுக்கு அந்தக் காப்பு கிடையாது. டார்பிடோ பாய்ந்ததும் பெல்கிரானோவில் மின்சாரம் அற்றுப்போனது. அதனால் நீரை இறைக்கவும் முடியவில்லை, வானொலியில் உதவி கேட்கவும் முடியவில்லை. உயிர்காப்புத் தெப்பங்களில் ஏறியவர்கள் தென் அட்லாண்டிக்கின் குளிரிலும் புயலிலும் இரவைக் கழித்தார்கள். பின்னர் ஆர்ஜென்டீனக் கப்பல்களும் சிலி நாட்டுக் கப்பல் ஒன்றும் தேடிச் சென்று 700க்கும் மேற்பட்டவர்களை மீட்டன.