வடசென்னையில் வெட்டிவேர் வளர்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

தண்டையார்பேட்டை மாடி

வெட்டிவேர் என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன். மொட்டை மாடியில் நீல டிரம்மில் வைத்திருந்தேன். வேர் எடுக்கும் பதம் வந்துவிட்டது. டிரம்மைக் கவிழ்த்துத் தட்டினால் அசையவே இல்லை. உள்ளே வேர் சுவரோடு சுவராகப் பின்னிக் கிடந்தது. கடைசியில் ஆக்சா பிளேடை வைத்து டிரம்மையே நெடுக்காகக் கீறினேன். ஹோஸ் பிடித்துக் கழுவக் கழுவச் செம்மண் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே சந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"யாருப்பா மாடில வெட்டிவேர் கய்வுறது?" என்று கேட்டுக்கொண்டே கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி கீழ்வீட்டு ஆயா ஏறி வந்துவிட்டார். முட்டிவலி என்று ரேஷன் கடைக்கே போகாதவர். அவருடைய வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் பாரிமுனைப் பக்கம் ஆபீஸ்களுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டிக் கொடுத்தவராம். கோடையில் ஜன்னலுக்குத் தட்டி கட்டுவது, அதற்குத் தண்ணீர் தெளிப்பது எல்லாமே ஆயாவும் கூடப் போய்ச் செய்த வேலை.

ஒரு கை நிறைய வேரை எடுத்து நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிட்டார். "வேரு கடைல கெடைக்கும் நைனா. அந்தத் தூரக் குடு."

அப்புறம் அவர் தூரை, அதாவது வேருக்கு மேலே தாளோடு இருக்கும் அடிக்கட்டையைப் பொறுக்கியதுதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பூத்து முடிந்த தடித்த கட்டையை எல்லாம் "கெயடு" என்று ஒதுக்கினார். பக்கத்தில் வெடித்த இளசை மட்டும் பிட்டு எடுத்து, காய்ந்த வெளித்தாளை உரித்து, அடிக்கட்டையை நகத்தால் கீறிப் பார்த்தார். உள்ளே வெள்ளையாக இருந்ததைத்தான் வைத்துக்கொண்டார். தாளை ஒரு சாண் விட்டு முறித்து, முந்தானையை நனைத்து அதிலேயே சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்து மகனோடு பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். ஏழாவது மாடியாம். தூரையும் கையோடு எடுத்துப் போனதாக மருமகள் சொன்னார். அங்கே எதில் நட்டிருப்பார் என்பதுதான் மண்டையைக் குடைகிறது. சரி, உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

எர்ணாவூர் அக்கா

2023 டிசம்பர் மழையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. வெறும் தண்ணீர் வந்திருந்தால் பழகிப்போன விஷயம் என்று விட்டிருப்போம். எங்கள் பக்கம் எண்ணெயும் சேர்ந்து வந்தது. வடிந்த பிறகு காம்பவுண்டுச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு. கருவேப்பிலை, செம்பருத்தி, கனகாம்பரம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன.

கால்வாய்ப் பக்கம் மண் சரியாமல் இருக்க என் வீட்டுக்காரர் வரிசையாக வெட்டிவேர் நட்டிருந்தார். தாள் முழுக்கப் பிசுக்கு. தொட்டால் சோப்புக்கும் போகவில்லை. தேங்காயெண்ணெய் தேய்த்துத்தான் விரலைச் சுத்தம் செய்தேன். இதுவும் அவ்வளவுதான் என்று அரிவாளால் தரைமட்டத்துக்கு அறுத்துத் தள்ளினோம்.

பொங்கலுக்கு வாசல் கழுவும்போது பார்க்கிறேன், குருத்து விட்டிருக்கிறது. நல்ல பச்சை, நுனியில் மட்டும் ஒரு பொட்டுக் கறுப்பு. அறுத்த இடத்தில் ஒட்டியிருந்த பிசுக்கைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு என்னவோ கோபம்தான் வந்தது. நாங்கள் இன்னும் சுவரைச் சுரண்டி முடிக்கவில்லை, இது பாட்டுக்கு வளர்ந்துவிட்டதே என்று.

இந்தக் கோடைக்கு அந்த வேரை எடுத்துக் குடிதண்ணீர்ப் பானையில் போடலாமா என்று மாமியார் கேட்கிறார். போடலாம்தானே?

கொளத்தூர் பசுமை

அக்கா, தயவுசெய்து போடாதீர்கள். ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்கள் உள்ள மண்ணைச் சுத்தம் செய்யவே பல நாடுகளில் வெட்டிவேர் நடுகிறார்கள். அது உறிஞ்சும் உலோகத்தில் பெரும்பகுதி வேரிலேயே தங்கிவிடும். நீங்கள் பானையில் போடப்போவதும் அதே வேரைத்தான். உங்கள் வரிசை மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அதன் வேலை அது. குடிக்க வேண்டுமென்றால் நல்ல மண் கொண்டுவந்து டிரம்மில் தனியாக வையுங்கள்.

என் அனுபவம் சின்னது. ஆன்லைனில் "வெட்டிவேர் விதை" என்று ஒரு பாக்கெட் வாங்கினேன், முளைத்தது ஏதோ தெருவோரக் களை. நம் பக்கத்தில் பயிரிடும் வெட்டிவேர் பூக்கும், ஆனால் முளைக்கிற விதை வைக்காது. வட இந்தியாவில் தானாக வளரும் வகைதான் விதை வைக்கும். ஆகவே விதை என்று யார் விற்றாலும் நடையைக் கட்டுங்கள். தூர்தான் ஒரே வழி.

சொல்ல வந்ததால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மூன்று தாள்கட்டு சேர்ந்தாற்போல் தூர் எடுங்கள். தாளை ஒரு சாணுக்கு வெட்டிவிட்டு, அடி மட்டும் நனையும்படி சில நாள் தண்ணீரில் வையுங்கள். வெள்ளை வேர் தலைகாட்டியதும் நடலாம். முதல் சில வாரம் தண்ணீர் தவறக்கூடாது, பிடித்துவிட்டால் அப்புறம் வெயிலோ தேங்கிய தண்ணீரோ பெரிதாக ஒன்றும் செய்யாது. உப்புத் தண்ணீரையும் ஓரளவு தாங்கும், வடசென்னை போர் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் எனக்குத் தெரியாது. நிழல்தான் ஆகாது. மாமரத்தடியில் வைத்துவிட்டு வளரவில்லை என்று குறைப்படாதீர்கள். வேருக்காக வளர்த்தால் மணல் அதிகமாகக் கலந்த மண் வேண்டும். கடலூர்ப் பக்கம் கடலோர மணலில் பயிரிடுவது சும்மா இல்லை, களிமண்ணில் வேரை அறாமல் எடுக்கவே முடியாது. எண்ணெய்க்கு என்றால் 15 முதல் 18 மாதம் விடுவார்கள், வீட்டுப் பானைக்கு ஒரு வருடம் போதும். நிலத்தில் வைத்தால் வேர் நேராகக் கீழேதான் இறங்கும், நல்ல மண்ணில் முதல் வருடத்திலேயே 3 மீட்டர் வரை போகும். பக்கத்தில் ஓடாது, அதனால் சுவர் ஓரம் பயப்படாமல் வைக்கலாம். மண் அரிப்புக்கு என்றால் தூருக்குத் தூர் அரை அடிகூட இடைவெளி விடாதீர்கள். அவ்வப்போது முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டால் தூர் கட்டிக்கொண்டே போகும். வெட்டிய தாளை வீணாக்காமல் செடிகளுக்கு மூடாக்காகப் போடுங்கள்.

தண்டையார்பேட்டை சார், டிரம்மை அறுத்தது அநியாயம். அடுத்த தடவை சிமெண்ட் சாக்கில் வையுங்கள், பிளேடு போட்டால் ஒரே இழுப்பில் கிழியும்.

காசிமேட்டுக்காரன்

கொளத்தூர் சார் வகுப்பு முடிந்துவிட்டதா? நான் பேசலாமா?

வடசென்னைக்கு ஒரு புல் என்றால் அது ராவணன் மீசைதான் தல. வெட்டிவேரை நட வேண்டும், வெட்ட வேண்டும், தண்ணீர் ஊற்ற வேண்டும். ராவணன் மீசைக்கு யார் ஊற்றினார்கள்? கடற்கரை மணலில் கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடும், காற்று மணலைக் கொண்டுவந்து மேலே கொட்டினால் அதையும் தாண்டி ஏறி வரும். அப்படித்தான் மணல்மேடே நிற்கிறது. இலை நுனி ஊசி. வலை காயப்போடப் போய்க் காலில் குத்து வாங்காத ஆள் எங்கள் குப்பத்தில் கிடையாது.

ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியில்தான் அந்த முள் உருண்டை. முற்றினால் கழன்று காற்றில் உருளும். சின்ன வயதில் ஆளுக்கொரு உருண்டை விட்டு எது முதலில் தண்ணீரைத் தொடும் என்று பந்தயம் வைப்போம். இப்போது விட மணல் எங்கே இருக்கிறது? 1870களில் துறைமுகம் கட்ட ஆரம்பித்ததிலிருந்து தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே எங்கள் பக்கம் கடல் தின்றது. தின்ன இடத்தில் கல் கொட்டினார்கள். கல்லில் எந்தப் புல் முளைக்கும்?

கொஞ்ச நாள் முன்னால் அக்கா மகனைக் கூட்டிக்கொண்டு எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போனேன். சாயங்காலக் காற்றில் ஒரு உருண்டை உருண்டு வந்து கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறேன், ஓடிப்போய் எடுத்துப் பையன் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாமா, இது கொரோனாவா?" என்கிறான். சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

கொளத்தூர் பசுமை

நல்ல பதிவுதான், ஆனால் ஒப்பிட்டது சரியில்லை. ராவணன் மீசையை எர்ணாவூர் அக்கா வீட்டுக் கால்வாய் ஓரத்தில் வைத்தால் நிற்குமா? அது மணலுக்கு, இது கரைக்கு. இன்னொன்று, இதைப் படித்துவிட்டு யாரும் கடற்கரையில் போய் ஓடுதண்டைப் பிடுங்கி வந்து தொட்டியில் வைக்காதீர்கள். இருக்கும் நாலு மேடும் அதை நம்பித்தான் நிற்கிறது. கடற்கரை மணலில் படரும் அடும்புக்கொடிக்கும் இதேதான்.

காசிமேட்டுக்காரன்

பிடுங்கச் சொல்லி நான் எங்கே எழுதினேன்?

பெரம்பூர் பி பிளாக்

நீங்கள் சண்டை போடுங்கள், நான் அருகம்புல்லைப் பற்றிச் சொல்கிறேன். அதுவும் நம் மண்ணின் புல்தானே.

எங்கள் அபார்ட்மெண்டில் கொரியன் புல் தரை போட்டார்கள், இடையில் அருகு ஏறிவிட்டது. மேலே ஓடுதண்டு, மண்ணுக்குள் கிழங்குத்தண்டு, இரண்டு பக்கமும் பரவுகிற புல்லைக் கையால் பிடுங்கித் தீர்க்க முடியுமா? களைக்கொல்லி அடிக்கலாம் என்று சங்கத்தில் முடிவெடுத்தார்கள். கல்யாணத்தில் "ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்தும் அதே ஆட்கள்தான். தோட்டக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, முதுகில் டேங்கோடு அடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை, வாக்கிங் போகும் நாலாவது மாடி பெரியவர் அதே இடத்தில் குனிந்து அருகம்புல் கிள்ளிக்கொண்டிருந்தார். தினம் ஜூஸ் குடிப்பவர். தோட்டக்காரர் பதறிப்போய், "சார், சார், அதுல மருந்து அடிச்சிருக்குது!" என்று கத்தினார். பெரியவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நேத்துதானே அடிச்ச? நல்லாக் கழுவிட்டாப் போச்சு."

போய்க் கையில் இருந்ததைப் பிடுங்கினேன். என்னோடு இப்போது பேசுவதில்லை. காலையில் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் பச்சையாக ஒரு பாட்டில் வைத்திருக்கிறார். எங்கே பறித்தது என்று எப்படிக் கேட்பது?

தண்டையார்பேட்டை மாடி

கொளத்தூர் சார், சிமெண்ட் சாக்கு யோசனைக்கு நன்றி. ஆனால் எங்கள் மாடி வெயிலுக்குச் சாக்கு ஒரு கோடைகூடத் தாங்காது, பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அரிசி மூட்டைச் சாக்கில் வைத்து ஏற்கெனவே பார்த்தாயிற்று.

தூர் நிறைய மிச்சம் இருக்கிறது, ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருபவர்களுக்குத் தருகிறேன், காசு வேண்டாம். எர்ணாவூர் அக்கா, உங்களுக்கு ஒரு கட்டு தனியாக எடுத்து வைக்கிறேன். மண் செங்குன்றம் பக்கம் நர்சரியில் வாங்கிய செம்மண்தான், ஒட்டியிருக்கும் வேரைப் பயப்படாமல் பானையில் போடலாம்.

எர்ணாவூர் அக்கா

ஞாயிறு வீட்டுக்காரரை அனுப்புகிறேன் தம்பி, நன்றி. கொளத்தூர் சார் எழுதியதை மாமியாருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். சரி என்றுவிட்டு, சாயங்காலம் நாட்டு மருந்துக் கடையில் இருபது ரூபாய்க்கு ஒரு கட்டு வாங்கி வந்து பானையில் போட்டுவிட்டார். இது எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று கடைக்காரரிடம் கேட்டீர்களா என்றேன். "நீ மொதல்ல தண்ணியக் குடி" என்கிறார். சார், கடை வேரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். சுருக்கமாக.