"திங்கட்கிழமை வாங்கோ, கதைக்க வேணும்" – இப்படி ஒரு மெசேஜ் அனுப்பலாமா?

நிலாவெளிக்காற்று:
போன வெள்ளிக்கிழமை பின்னேரம் 4.40க்கு மனேஜரிடமிருந்து வட்ஸ்அப் வந்தது. "திங்கட்கிழமை காலை 8 மணிக்கு வந்து என்னைச் சந்தியுங்கோ. கொஞ்சம் கதைக்க வேணும்." அவ்வளவுதான். "சரி சேர், என்ன விஷயம்?" என்று கேட்டேன். இரண்டு நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை.

நான் திருகோணமலையில், நிலாவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டலில் ரிசெப்ஷனில் இருக்கிறேன். இது செப்டெம்பர் கடைசி. இந்தக் கரையில் வேலை செய்கிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏப்ரல் மட்டில் தொடங்குகிற சீசன் செப்டெம்பரோடு படுத்துவிடும், ஒக்டோபரில் காற்று மாறி மாரி மழை தொடங்கினால் புறாத்தீவுக்குப் படகு போவதே சந்தேகம், அறைகள் பூட்டிக் கிடக்கும், எங்கள் இடத்தில் ஒவ்வொரு வருஷமும் இந்த நாட்களில்தான் ஆட்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டு "அடுத்த சீசனுக்குப் பார்ப்போம்" என்பார்கள். போன வருஷம் என்னோடு நின்ற இரண்டு பேரை அனுப்பியதும் இதே "கதைக்க வேணும்" தான்.

சனி, ஞாயிறு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். மோட்டார் சைக்கிளுக்கு இன்னும் 14 மாதம் லீசிங் கட்ட இருக்கிறது, அதை எத்தனை தரம் கூட்டிப் பார்த்தாலும் 14 தான் வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. திங்கள் காலை போனால் அவர் கேட்கிறார், "உங்கட மச்சான் வான் ஓடுறவர்தானே, அடுத்த மாசம் சீகிரியாவுக்கு ஒரு குரூப் இருக்கு, அவருக்கு ஏலுமா?"

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை, பசி வந்தது. "வான் விஷயம்" என்று இரண்டு சொல் சேர்த்து எழுத அவருக்கு என்ன கஷ்டம்?

சிமெந்துத்தூசி:
நான் மற்றப் பக்கத்து ஆள். டவுனில் கட்டடச் சாமான் கடை ஒன்றில் 9 வருஷமாக மனேஜர், முதலாளி இல்லை, எனக்குக் கீழே 23 பேர். காலை 7.30க்கு லொறி வந்து நிற்கும், சிமெந்து இறக்க ஆள் வந்திருக்காது, ஒருத்தன் போன் எடுத்து லீவு கேட்பான், முதலாளி கொழும்பிலிருந்து கணக்குக் கேட்பார். இதற்குள் ஒவ்வொருவரின் மனசும் நோகாமல் முன்னுரை எழுதிக் கூப்பிட எனக்கு நேரமில்லை. தம்பி, உங்கள் மனேஜர் உங்களை ஒரு குறை சொல்லவில்லை. வான் கேட்டார். மிச்சப் படம் முழுக்க நீங்களே எடுத்து நீங்களே பார்த்தது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எல்லாவற்றுக்கும் காரணம் எழுதிப் பழக்கிவிட்டால், ஒரு நாள் காரணம் எழுதாமல் கூப்பிடும்போது அது கெட்ட செய்தி என்று கடை முழுக்கத் தெரிந்துவிடும். கல்லாவில் 18,000 குறைகிறது என்று வையுங்கள். அதை முதல் நாளே எழுதி அனுப்பிவிட்டு அடுத்த நாள் காலை பில் புத்தகத்தைத் தேடவா? என் மெசேஜ் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால்தான் யாரும் எதையும் மோப்பம் பிடிக்க முடியாமல் இருக்கிறது.

உவர்மலை_மூன்றாம்மாடி:
அப்படியென்றால் ஒருத்தர் கல்லாவில் கை வைக்கக்கூடும் என்பதற்காக மற்ற 22 பேரும் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து பயப்பட வேண்டும், அதானே? நல்ல நிர்வாகம்.

கல்லா விஷயத்துக்கு முதல் நாள் மெசேஜே போடக்கூடாது அண்ணே. நேரே போய் "இப்ப ஒருக்கா உள்ளுக்க வாங்கோ" என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான், பில் புத்தகமும் தப்பும். காரணம் எழுதவில்லை என்பதைவிடப் பெரிய கோளாறு, கூப்பிடுவதற்கும் கதைப்பதற்கும் நடுவில் கிடக்கிற நேரம். 10 நிமிஷம் என்றால் யாரும் சாகமாட்டார்கள். வெள்ளி 4.40இலிருந்து திங்கள் 8 மணி வரை என்பது 63 மணித்தியாலத்துக்கு மேல்.

இது வெறும் மனப்பிராந்தி இல்லை. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி கொலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரைக் கம்ப்யூட்டரில் ஒரு விளையாட்டு விளையாட வைத்தார்கள். கல்லைப் புரட்டினால் கீழே பாம்பு இருக்குமா இல்லையா என்று சொல்ல வேண்டும், பாம்பு இருந்தால் கையில் ஒரு ஷொக் அடிக்கும். கட்டாயம் அடிக்கும் என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, அடிக்குமா அடிக்காதா என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் ஆட்களுக்கு வியர்வை கூடியது. வேலை போகிறது என்று வெள்ளியே சொல்லியிருந்தால்கூட இவர் சனிக்கிழமை அழுதுவிட்டு ஞாயிற்றுக்கிழமை நித்திரை கொண்டிருப்பார்.

சிமெந்துத்தூசி:
எங்கள் கடையில் ஷொக் அடிப்பது வெல்டிங் பிளான்ட் மட்டும்தான்.

பகிடி இருக்கட்டும். வேலை போய்விடும் என்ற பயத்துக்கே அடிப்படை இல்லை என்கிறேன். 1971ஆம் ஆண்டு 45ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற இடத்தில், ஒழுக்கக் குற்றம் எதுவும் இல்லாமல் ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். "கதைக்க வேணும்" என்ற ஒரு வரியில் யாரையும் வீட்டுக்கு அனுப்ப ஏலாது.

நிலாவெளிக்காற்று:
அண்ணே, அதே சட்டம் 180 நாளுக்குக் குறைய வேலை செய்தவருக்குப் பொருந்தாது. ஏப்ரல் நடுவில் சேர்த்து செப்டெம்பர் கடைசியில் அனுப்பினால் எத்தனை நாள் வருகிறது என்று நீங்களே எண்ணுங்கள். நான் மூன்றாவது வருஷம், எனக்குப் பொருந்தும்தான். ஆனால் சனிக்கிழமை இரவு 2 மணிக்கு யாரும் சட்டப் புத்தகம் பார்த்து ஆறுதல் அடைவதில்லை.

கிண்ணியாப்பாலம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் ஒபிஸில் பெரியவர் சிங்களம், நாங்கள் தமிழ், மெசேஜ் ஓடுவது ஆங்கிலத்தில். "கம் அண்ட் சீ மீ" என்று வரும். தமிழில் "வா", "வாங்க", "ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்று சொல்லின் வாலிலேயே ஆள் என்ன மனநிலையில் இருக்கிறார் என்று பிடித்துவிடலாம். எங்களுக்குள் ஓடுகிற ஆங்கிலத்தில் அந்த வால் கிடையாது, அவருக்கும் அது அரைகுறை, எனக்கும் அரைகுறை. ஒரு வருஷமாக அவர் என் மேல் கோபமாக இருக்கிறார் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் அவர் தன் மகளுக்கு அனுப்பியதைத் தற்செயலாகப் பார்த்தேன். "கம் ஹோம்." அதுவும் முற்றுப்புள்ளியோடு.

உவர்மலை நண்பர் சொன்ன நடு நேரத்தைப் பற்றி ஒன்று. 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் டவுனுக்கு வருவதென்றால் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும் (வெளியூர்க்காரருக்கு: பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவை). எவ்வளவோ நேரம் நின்றிருக்கிறோம். ஆனால் அது அக்கரையில் நிற்கிறதா, நடுவில் வருகிறதா என்று கண்ணுக்குத் தெரியும், அதனால் கடலை வாங்கித் தின்றுகொண்டு நிற்போம். மனேஜரின் மெசேஜில் அக்கரை தெரிவதில்லை. நான் இப்போது எனக்குக் கீழே உள்ளவர்களுக்கு "நாளைக்கு 9 மணிக்கு 10 நிமிஷம், அடகு ஃபைல் பற்றி" என்று எழுதுகிறேன். எழுத முன்னுரை எல்லாம் வேண்டியதில்லை சிமெந்து அண்ணன், அரை நிமிஷம்கூட ஆகாது. பிழை இருந்தாலும் அப்படித்தான், "அடகு ஃபைலில் ஒரு கணக்குப் பிழை, சேர்ந்து பார்ப்போம்." பிழையை மறைத்துத் தேன் தடவினால் அடுத்த தடவை என் தேனையே நம்பமாட்டார்கள்.

சிமெந்துத்தூசி:
கிண்ணியா நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இது ஒருவழிப் பாதையா என்ன? போன மாசம் எங்கள் லொறி டிரைவர் இரவு 10 மணிக்கு "சேர், உங்களோட முக்கியமான ஒரு விஷயம் கதைக்க வேணும், நாளைக்கு வாறன்" என்று அனுப்பிவிட்டுப் போனை நிறுத்திவிட்டான். அவன் இல்லையென்றால் மூதூர்ப் பக்கம் ஒரு லோட் போகாது. விடியும்வரை நித்திரை இல்லை, யாரை எடுப்பது, எவ்வளவு சம்பளம் கேட்பான் என்று. காலையில் வந்து கல்யாணக் கார்டைத் தந்தான். நான் யாரிடமாவது முறைப்பாடு செய்தேனா?

உவர்மலை_மூன்றாம்மாடி:
இப்ப செய்கிறீர்களே.

ஆக உங்களுக்கும் ஷொக் அடித்திருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், அடுத்த நாள் "ஏன்டா இப்படி அனுப்பினாய்" என்று அவனை நீங்கள் ஏசலாம், ஏசியும் இருப்பீர்கள். நிலாவெளித் தம்பி "என்ன விஷயம்" என்று ஒரு தடவை கேட்டதற்கே நீலச் சரி மட்டும்தான் கிடைத்தது. இரண்டாம் தடவை கேட்டால் "ஏன் பதறுறீர், என்ன செய்துபோட்டு இருக்கிறீர்" என்பார்கள்.

சிமெந்துத்தூசி:
ஏசினேன். உண்மைதான்.

(இரண்டு நாள் கழித்து)

சிமெந்துத்தூசி:
சரி, நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்களே என்று முந்தாநாள் இரவு எங்கள் ஸ்டோர் கீப்பருக்கு இப்படி அனுப்பினேன்: "நாளைக்கு ஒருக்கா என்னை வந்து சந்தியுங்கோ. பயப்பட ஒன்றுமில்லை." மனுசனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, நான் சேர முதலே கடையில் இருந்தவர். 8 மணிக்கு வருகிறவர் அன்றைக்கு 6.30க்கே கடை வாசலில், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு. உள்ளே வந்து ஸ்டோர்ச் சாவிக் கொத்தை என் மேசையில் வைத்துவிட்டு, "எல்லாம் எண்ணிச் சரியாக இருக்கு சேர்" என்கிறார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. புது ஸ்டொக் புத்தகம் வந்திருக்கிறது, எப்படி நிரப்புவது என்று காட்டத்தான் கூப்பிட்டேன்.

நிலாவெளிக்காற்று:
ஐயோ அண்ணே! டொக்டர் "பயப்பட ஒன்றுமில்லை" என்று சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? ஸ்டொக் புத்தகம் என்று எழுதியிருந்தால் மனுசன் வழமைபோல 8 மணிக்கு வந்திருப்பார்.

சிமெந்துத்தூசி:
இப்ப விளங்குது. அன்றைக்குச் சாவியைத் திருப்பி எடுக்க மாட்டேன் என்று நின்றார், தேத்தண்ணியும் வடையும் வாங்கிக் கொடுத்துத்தான் எடுக்க வைத்தேன். நேற்று அவருக்கு அனுப்பிய மெசேஜ்: "9 மணி. டைல்ஸ் லோட். 5 நிமிஷம்." 8.55க்கு வந்தார்.