மழைக்காலத்தில் துப்பாக்கிக் கட்டை உப்புகிறது, பூசணம் பிடிக்கிறது: எப்படி வைத்துப் பாதுகாப்பது?

கட்டபெட்டு_வாசி:

வணக்கம். உரிமம் உள்ள 12 போர் டபுள் பேரல். வால்நட் கட்டை (தோளில் அணைக்கும் மரப்பகுதி), பழைய எண்ணெய் பாலிஷ். இடம் கோத்தகிரி பக்கம், கல் சுவர் வீடு. வெளிச்சுவரை ஒட்டிய இரும்பு பீரோவில், ரெக்சின் உறைக்குள், குழல் மேலே பார்த்தபடி நிற்கிறது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டை உப்பி, ஃபோர்எண்ட் (குழலுக்கு அடியில் கை பிடிக்கும் மரம்) கழற்ற வராமல் இறுகிவிடுகிறது. செக்கரிங் (பிடிமானத்துக்குச் செதுக்கிய குறுக்குக் கோடுகள்) பள்ளங்களில் வெள்ளைப் பூசணம். பிப்ரவரியில் எல்லாம் தலைகீழ்: பட் பிளேட்டின் (கட்டையின் பின்முனைத் தகடு) விளிம்பு நகம் தடுக்கும் அளவுக்கு மரத்தைத் தாண்டி வெளியே நிற்கிறது. பிளேட்டை அரத்தால் ராவிச் சமப்படுத்தலாமா? எந்த எண்ணெய் பூசலாம்? ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் எவ்வளவு வேண்டும்? காற்று பலமாக அடித்தால் இங்கே இரண்டு நாள் கரன்ட் இருக்காது, அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

குன்னூர்_தச்சன்:

சார், முதலில் அரத்தைக் கீழே வையுங்கள். பிளேட் வளரவில்லை, மரம்தான் சுருங்கியிருக்கிறது. இப்போது ராவினால் அடுத்த மழைக்கு மரம் பிளேட்டைத் தாண்டி நிற்கும். அப்போது மரத்தைத் தேய்ப்பீர்கள், மறுபடி பிப்ரவரியில் பிளேட் வெளியே. நல்ல கட்டைகள் பல இப்படித்தான் தேய்ந்து மெலிந்து போகின்றன.

காற்றில் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் மரத்துக்குள் சுமார் 9 சதவீதம் நீர் நிற்கும். 80 இருந்தால் 16, 90 தாண்டினால் 20. நீளவாக்கில் மரம் அசைவதே இல்லை எனலாம். குறுக்கே அசையும். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள வால்நட்டில் நீர் 9 சதவீதத்திலிருந்து 17க்கு ஏறினால் முக்கால் முதல் 1 மில்லிமீட்டர் வரை உப்பும். உங்கள் நகம் தடுக்கும் அளவு அதுதான்.

நீர் அதிகம் ஏறுவது பளபளக்கும் மேற்பரப்பு வழியாக அல்ல. நாரின் வாய் திறந்திருக்கும் இடங்கள் வழியாக: பட் பிளேட்டுக்கு அடியில், ஆக்‌ஷன் (குழலுக்குப் பின்னால் சுடும் விசைகள் உள்ள இரும்புப் பகுதி) உட்காரும் குழிவில், ஃபோர்எண்டின் முனையில். வெளியே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்டவர்கள்கூட இந்த மூன்றையும் பூச்சே இல்லாத வெறும் மரமாகவே விட்டுவைத்திருப்பார்கள். பட் பிளேட்டைக் கழற்றிப் பாருங்கள். ஓரம் கறுத்து, நடுவில் மரம் வெளிறி, தொட்டால் பஞ்சு போல இருந்தால் அதுதான் வாசல்.

அடைப்பதை மார்ச்சில் செய்யுங்கள். மழையில் அடைத்தால் ஈரத்தை உள்ளே பூட்டுவது போல் ஆகும். மரம் காய்ந்துவிட்டதா என்று அறிய, கழற்றிய கட்டையைச் சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுங்கள். ஒரு கிலோ கட்டையில் 1 சதவீத ஈரம் என்பது 9, 10 கிராம். இரண்டு வாரம் எடை மாறாமல் நின்றால் காய்ந்தது. பிறகு பாலியூரித்தேன் வார்னிஷில் சம அளவு மினரல் டர்பன்டைன் கலந்து, அந்த மூன்று இடங்களில் மட்டும் மூன்று கை பூசுங்கள். ஒவ்வொரு கைக்கும் ஒரு நாள் இடைவெளி. குழிவில் கனமாகப் பூசாதீர்கள், ஆக்‌ஷன் சரியாக உட்காராது.

வெளிப்புறத்துக்கு டபுள் பாயில்டு லின்சீட், அதாவது ஆளி விதை எண்ணெய். ஐந்தாறு சொட்டு, உள்ளங்கையால் சூடு வரத் தேய்த்து, 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அடுத்த கைக்கு மலையில் மூன்று நாளாவது விட வேண்டும். கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டி, அடியில் பிசுபிசுப்பாகவே நிற்கும், பூசணத்துக்கு அதுவே தீனி. இந்த எண்ணெய் நீராவியை முழுதாகத் தடுக்காது, வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மேலே தேன்மெழுகு ஒரு கை போட்டால் கைப்பிடி ஈரமும் தூறலும் உடனே இறங்காது.

துடைத்த துணியை உருண்டையாகச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளி எண்ணெய் உலரும்போது சூடாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

தேவாலா_மழை:

தச்சர் அண்ணன் கட்டையைச் சொல்லிவிட்டார், நான் பீரோவைச் சொல்கிறேன். எங்கள் பக்கம் ஜூனிலிருந்தே நனைவதால் இது அன்றாடப் பாடம்.

ரெக்சின் உறை, தோல் உறை, ஸ்பாஞ்சு வைத்த பெட்டி எதிலும் நிரந்தரமாக வைக்காதீர்கள். மூன்றுமே ஈரத்தைப் பிடித்து வைப்பவை. தோல் வார் இருந்தால் கழற்றித் தனியே தொங்கவிடுங்கள். பீரோவைச் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி, மரக்கட்டை மேல் ஏற்றி வையுங்கள். குளிர்ந்த கல் சுவரை ஒட்டிய தகட்டில் உள்பக்கம் வியர்க்கும்.

சிலிக்கா ஜெல்லா, பீரோவுக்குள் சூட்டுக்காக எரியவிடும் பல்பா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இரண்டும் சேர்ந்து வேலை செய்யாது. பல்பு வைத்தால் கீழும் மேலும் காற்றோட்டத் துளை வேண்டும். சிலிக்காவுக்குத் துளையே கூடாது. 15 டிகிரியில் 90 சதவீத ஈரமுள்ள காற்றை 22 டிகிரிக்குச் சூடாக்கினால் 60க்கு இறங்கும், பல்பு முறை அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. ஆனால் உங்களுக்குக் கரன்ட் போவது சரியாக மழை நாளில். பழைய ஜீரோ வாட் பல்பு கொஞ்சம் சூடு தரும், இப்போதைய எல்.இ.டி. தராது. ஆகவே உங்களுக்குச் சிலிக்காதான்.

கணக்கு: 300 லிட்டர் பீரோவில் இருக்கும் காற்றில் மொத்தமே 4 கிராம் நீர்கூட இல்லை. ஆனால் ஒரு கிலோ கட்டை 17 சதவீதத்திலிருந்து 10க்கு இறங்கினால் 60 கிராம் நீரை வெளியே விடும். அதோடு கதவு இடுக்கில் புகுவதும் சேரும். எனவே கதவு ஓரம் முழுக்க ரப்பர் பீடிங் ஒட்டி, 500 கிராம் துணிப்பை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உள்ளே, மற்றது வெளியே உலர்த்த. உள்ளே இருப்பது 600 கிராம் ஆனதும் மாற்றுங்கள். உலர்த்த 120 டிகிரி ஓவனில், இரண்டு விரல் உயரத்துக்குப் பரப்பி, 2 முதல் 3 மணி நேரம். ஆரஞ்சு நிறம் வாங்குங்கள், நீலத்தில் நச்சான கோபால்ட் உப்பு உண்டு.

முதல் வாரம் 250 கிராம் மட்டும் வையுங்கள். உப்பியிருக்கும் கட்டையை ஒரேயடியாக வறட்டினால் கைப்பிடிக் கழுத்தில் விரிசல் விடும். உள்ளே ஈரப்பதம் 50 முதல் 55 சதவீதத்தில் நிற்கட்டும், 60ஐத் தாண்டினால் இரும்புக்கும் ஆகாது. ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் அளக்கும் மீட்டர்) நம்புமுன் சோதியுங்கள்: மூடியில் சாப்பாட்டு உப்பைச் சேறு போல நனைத்து, மீட்டரோடு மூடிய டப்பாவில் 12 மணி நேரம். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

கட்டபெட்டு_வாசி:

இருவருக்கும் நன்றி. தேங்காய் எண்ணெய், நீலகிரித் தைலம் தடவுவார்களே, அது? இருக்கும் பூசணத்தை எப்படி எடுப்பது? கணப்பு அருகே வைத்துக் காயவைக்கலாமா?

பெருமாள்மலை:

கணப்பு கூடவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் காய்ந்து, கட்டைக்குள் பதிந்திருக்கும் இரும்பு வாலான டேங்குக்குப் (tang) பின்னால் கீறல் விடும்.

தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் உலராத எண்ணெய்கள், மரத்தில் ஊறிச் சிக்கு வாடை அடிக்கும், பூசணமும் கூடும். நீலகிரித் தைலம் ஆவியாகிப் போய்விடும், எதையும் அடைக்காது. போகும்போது சில பாலிஷைக் கரைக்கவும் செய்யும்.

பூசணத்துக்கு: துப்பாக்கியைத் திறந்து இரண்டு அறையும் காலி என்று கண்ணால் பார்த்துவிட்டு, வெளியே எடுத்துச் சென்று, மூக்கை மூடிக்கொண்டு மென்மையான பல் துலக்கும் பிரஷால் செக்கரிங் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள். பிறகு மினரல் டர்பன்டைன் தொட்ட துணி. ஸ்பிரிட் வேண்டாம், பிரெஞ்ச் பாலிஷாக இருந்தால் அரக்கு கரைந்து வந்துவிடும்.

ஒன்றை யாரும் சொல்லவில்லை. குழல் மேலே பார்க்க நிற்கிறது என்றீர்கள். குழலில் விடும் எண்ணெய் மெல்ல இறங்கி ஆக்‌ஷன் வழியாகக் கட்டையின் தலையில் ஊறும். அந்த மரம் கறுத்து மெத்தென்றாகி, சுடும் அதிர்வில் நசுங்கிப் பிளக்கும். குழலைக் கீழே பார்த்து, வாய்க்கு அடியில் கனத்த கம்பளித் துணி வைத்து நிறுத்துங்கள். ஏற்கெனவே ஊறியிருந்தால், பெயின்ட் கடையில் பட்டி பார்க்க விற்கும் சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்துக் குழிவுக்குள் மட்டும் அப்புங்கள். வேலை திறந்த வெளியில் நடக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது. வெள்ளை மாவு உலரும்போது பழுப்பாகும், அது எண்ணெய் வருவதன் அடையாளம். தட்டிவிட்டு, பழுப்பு வருவது நிற்கும் வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகே வார்னிஷ்.

ஸ்குரூ இறுக்கத்தையும் பாருங்கள். வறண்ட மாதத்தில் முழுப் பலத்தோடு இறுக்கினால் மழையில் உப்பும் மரம் ஸ்குரூத் தலைக்கடியில் நசுங்கி, அடுத்த ஆண்டு ஆடத் தொடங்கும். ஸ்குரூத் தலையில் உள்ள பள்ளத்தின் திசையைப் பென்சிலால் குறித்து வையுங்கள்.

தேவாலா_மழை:

தேர்தல் சமயம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கும்போது சிலிக்கா உடன் போகாது. ஒப்படைக்கும் முன் கட்டைக்கு மெழுகு ஒரு கை, இரும்புக்கு மெல்லிய எண்ணெய், பருத்தித் துணி உறை. பிளாஸ்டிக் சுற்றிக் கொடுக்க வேண்டாம். திரும்பி வந்ததும் நேரே பீரோவில் பூட்டாமல், தராசில் நிறுத்துவிட்டு 250 கிராம் பையோடு தொடங்குங்கள்.