நாலு வயதுப் பிள்ளைக்குப் பூச்சிகளை எப்படிக் காட்டுவது? (டர்பன்)

ஃபீனிக்ஸ் அம்மா:
வணக்கம். மழை விட்டதும் என் மகள் ஷோங்கலோலோ (மரவட்டை) தேட முற்றத்துக்கு ஓடிவிடுகிறாள். கையில் சுருட்டி எடுத்துக்கொண்டு நேராக அடுப்படிக்கு வருகிறாள். மாமியாருக்குப் பயம், "கடிச்சிடும், உள்ளே வா" என்கிறார். அவள் ஆர்வத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது? வார இறுதியில் எங்கே கூட்டிப் போகலாம்?

சாட்ஸ்வொர்த் அக்கா:
தங்கச்சி, நான் இங்கே சின்ன கிரெஷ் நடத்துகிறேன். இடம் தேடும் முன், வீட்டுப் பக்கத்தில் எலுமிச்சை மரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இந்தக் கோடைக்கு அது ஒன்றே போதும். கறுப்பும் வெளிர்மஞ்சளுமான பெரிய பட்டாம்பூச்சி ஒன்று இளந்தளிரில் ஒவ்வொரு முட்டையாக இட்டுவிட்டுப் போகும். குட்டிப் புழு பார்க்கப் பறவை எச்சம் மாதிரியே இருக்கும், அதனால் பறவைகள் தின்னாமல் விட்டுவிடும். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டும், ஒரு நாற்றமும் வரும். என் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தொடக் கேட்பார்கள்! ஒருமுறை போதும் என்று சொல்லிவிடுவேன், அதற்கும் பயம் இருக்குமல்லவா. பிறகு கூடு கட்டி, சுமார் இரண்டு மூன்று வாரத்தில் பட்டாம்பூச்சி வரும். பாட்டிலில் அடைக்க வேண்டாம். மரத்திலேயே தினமும் போய்ப் பார்க்கட்டும். நேற்று இருந்தது இன்று எப்படி மாறியது என்று பிள்ளை தானாகச் சொல்லத் தொடங்கும்.

ஷோங்கலோலோ பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கு ஆறு கால்தான், இதன் கால்களை எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கடிக்காது. ஆனால் அதிலிருந்து கசியும் நீர் தோலில் கறையாகும், கண்ணில் பட்டால் எரியும். சோப்புப் போட்டுக் கை கழுவினால் சரி.

செம்பருத்திப் பூவைத் தின்னும், கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட வண்டைத் தொடவே கூடாது. நசுங்கினால் தோல் கொப்பளிக்கும். தேனீக் கூட்டின் பக்கமும் போக வேண்டாம். கல்லைப் புரட்டுவது பெரியவர்கள் வேலை, அடியில் தேள் இருக்கலாம். மற்றபடி மாமியாரையும் கூடக் கூட்டிப் போங்கள். ஊரில் குழியானை பார்த்த ஆயாக்கள் இங்கே நிறைய. மழை படாத காய்ந்த மணலில் புனல் போன்ற குழி தெரிந்தால் அதன் அடியில் அதுதான் ஒளிந்திருக்கும். எறும்பு சறுக்கி விழுந்தால் மணலை வீசி இன்னும் கீழே இறக்கும்.

இடம் என்றால் எங்கள் பக்கம் சில்வர்க்ளென் இயற்கைக் காப்பகம், நகரத்தில் 1849-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. நீண்ட புல்லில் நடந்துவிட்டு வந்தால் காது மடல், அக்குள், தலைமுடி எல்லாம் உண்ணி இருக்கிறதா பாருங்கள். கடித்த இடம் கறுத்து, சில நாளில் காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

ஜோபர்க் அப்பா:
அக்கா சொன்னதோடு சாணி வண்டையும் சேர்க்கிறேன். ஆடோ யானைப் பூங்காவுக்குப் போனபோது, சாலையில் வண்டுக்கு வழிவிடச் சொல்லும் பலகையைக் கண்டு என் பையன் காரை நிறுத்தச் சொன்னான். இரவில் இவை உருண்டையை நேர்கோட்டில் தள்ள பால்வீதியின் ஒளியைப் பார்க்கின்றன என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சோதனையின் ஒரு பகுதி இங்கே ஜோபர்க் கோளரங்கத்தில் நடந்தது. வானம் தெரியாதபடி வண்டுக்குக் குட்டி அட்டைத் தொப்பி போட்டார்கள், அது தடுமாறிச் சுற்றியது. அதைக் கேட்டதிலிருந்து அவனுக்கு வேறு கதை வேண்டாம்.

ஃபீனிக்ஸ் அம்மா:
ரொம்ப நன்றி. எலுமிச்சை பக்கத்து வீட்டில்தான் இருக்கிறது, அவர்கள் மருந்து அடிப்பார்களே?

சாட்ஸ்வொர்த் அக்கா:
உங்கள் வேலிப் பக்கம் இருக்கும் ஒரு கிளையை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லிக் கேளுங்கள். காற்றில்லாத நாளில் அடித்தால் அந்தக் கிளைக்குப் பரவுவது குறையும். மாட்டேன் என்றால் ஒரு தொட்டியில் எலுமிச்சைக் கன்று வையுங்கள், பட்டாம்பூச்சி அதையும் தேடி வரும்.