கம்பெனி பாஸ்போர்ட்டைக் கேட்கிறது, கொடுக்கலாமா?

"வந்து ஆறு நாள்தான் ஆகிறது. பத்திரமாக வைத்திருக்கிறோம், பாஸ்போர்ட்டைக் கொடு என்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். நான் என்ன செய்வது?"

தம்பி, விசா பதிவுக்கென்றால் கொடுங்கள், எப்போது திரும்பத் தருவார்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டு. பத்திரமாக வைக்கத்தான் என்றால் வேண்டாம். அது கம்பெனி சொத்து இல்லை.

நானும் கொடுத்தவன்தான், நன்றி வேறு சொன்னேன். மேலாளர் எல்லோருடையதையும் ஒரு பழுப்பு உறையில் போட்டு லாக்கரில் வைத்தார். நாலு மாதம் கழித்து அப்பாவுக்கு ஆபரேஷன் என்று திருப்பிக் கேட்டேன். "உன்னைக் கூட்டிவர ஆன செலவை வைத்துவிட்டு எடுத்துக்கொள்" என்றார். அதற்குள் இரண்டு மாதச் சம்பளமும் பாக்கி. என் அறைக்கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனால் எங்கே போவது?

இதைக் கட்டாய உழைப்பு என்று சொல்வார்கள் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தண்டனை கிடைக்கும் என்று மிரட்டி, தானாக முன்வராத ஒருவரிடம் வாங்கும் வேலை எதுவும் இதில் சேரும் என்கிறது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கை. அடி உதைதான் தண்டனை என்றில்லை. சம்பளத்தை நிறுத்துவேன், போலீஸில் பிடித்துக் கொடுப்பேன் என்பதும் அதேதான். "நீயாகத்தானே கையெழுத்துப் போட்டு வந்தாய்?" என்று வாயை அடைப்பார்கள். பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமே இல்லை. 2021 கணக்கில் உலகம் முழுக்க 2.76 கோடிப் பேர் இப்படி மாட்டியிருந்தார்கள். உள்ளூர்க்காரரைவிட, பிழைக்கப் போன நம்மைப் போன்றவர்கள் மாட்டும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல்.

பெரும்பாலும் ஆரம்பம் கடன்தான். ஏஜென்ட்டுக்குக் கட்டியது, டிக்கெட், அறை வாடகை, சீருடை என்று மாதாமாதம் பிடிப்பார்கள். மீதி எவ்வளவு என்று கேட்டால் மட்டும் பதில் வராது. வேலை தேடித் தருபவர் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அதே அமைப்பின் 1997-இல் வந்த 181-ஆம் உடன்படிக்கையின் பொது விதி. விதிவிலக்கு உண்டு, எல்லா நாடும் ஏற்கவும் இல்லை. அதனால் இதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

இன்றைக்கே பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம் மூன்றையும் படம் எடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். அப்புறம் ஒரு சின்ன நோட்டு: தேதி, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கைக்கு வந்த பணம். வராத பணத்துக்கு வந்ததாகக் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். வந்திறங்கிய பிறகு வேறு ஒப்பந்தத்தை நீட்டினால் அதையும் படம் எடுங்கள்.

"அண்ணா, நான் வீட்டு வேலையில் இருக்கிறேன். இங்கே போன்கூட அவர்களிடம்தான். ஓடிவிடலாமா என்று தோன்றுகிறது."

தங்கச்சி, அடி, தொந்தரவு, உயிருக்கு ஆபத்து என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காதீர்கள், கிளம்பிவிடுங்கள். நேராகத் தூதரகம் அல்லது போலீஸ். பாஸ்போர்ட் கையில் இல்லாவிட்டாலும் ஊர் திரும்பத் தற்காலிகப் பயண ஆவணம் தூதரகம் தரலாம். அந்த அளவு ஆபத்து இல்லையென்றால், விசா முதலாளியோடு கட்டியிருக்கும் நாடுகளில் முதலில் புகார், பிறகு வெளியேறுவது. இல்லாவிட்டால் "ஓடிப்போய்விட்டாள்" என்று அவர்கள் முந்திக்கொள்வார்கள், வழக்கு நம் மேல் திரும்பும். வீட்டு வேலை செய்பவர் தன் பயண ஆவணத்தைத் தானே வைத்திருக்கலாம் என்று 2011-ஆம் ஆண்டின் 189-ஆம் உடன்படிக்கை தனியாகவே சொல்கிறது. புகாரில் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

எனக்குத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்த ஒன்பதாம் நாள் அதே பழுப்பு உறையில் பாஸ்போர்ட் வந்தது. சம்பள பாக்கி வரப் பத்து மாதம் ஆனது. நோட்டில் எழுதி வைத்திருந்த நாட்களுக்கு மட்டும்தான் கிடைத்தது.