பழுதுக்குப் பெயர்போன அம்பாசடரை ஓட்டுநர்கள் ஏன் விடவில்லை?

கேள்வி: ஈரோட்டு வாசகன்

அனைவருக்கும் வணக்கம். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகு, சொந்த உபயோகத்துக்குக் கார் வாங்குகிறவர்கள் மெல்ல மெல்ல அம்பாசடரை விட்டு விலகிவிட்டார்கள். வாடகைக் கார் ஓட்டுநர்களில் பலர் அப்படி விலகவில்லை. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அந்த வண்டியையே கேட்டு வாங்கியவர்கள் இருந்தார்கள். இத்தனைக்கும் அம்பாசடருக்கு இருந்த பெயர் நல்ல பெயரன்று. சித்திரை வெயிலில் எஞ்சின் கொதிக்கும், கதவுகள் சரியாகப் பொருந்தா, அடித்தகடு துருப்பிடிக்கும், புது வண்டியை எடுத்தவுடனேயே பட்டறைக்குக் கொண்டுபோய் நட்டு போல்ட்டுகளை இறுக்கிவிட வேண்டும் என்று சொல்லாதவர் இல்லை.

என் பெரியப்பா ஸ்டாண்டில் வண்டி ஓட்டியவர். இந்தக் குறைகளை நம் எல்லோரையும்விட விரிவாக அவரே சொல்வார். ஆனால் வேறு வண்டிக்கு மாறலாமே என்று கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுவார். குறை தெரியாமல் ஒரு வண்டியை நம்புவது வேறு, முழுக்கத் தெரிந்துகொண்டே நம்புவது வேறு. இந்த இரண்டாவது வகைப் பற்று எப்படி உண்டாகிறது என்பதை, தொழில் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: மதுரை பட்டறைக்காரன்

ஐயா, வண்டி எத்தனை முறை நிற்கும் என்பதைக் காட்டிலும், நின்றால் அன்றைய சவாரி என்ன ஆகும் என்பதுதான் வாடகை ஓட்டுநரின் கவலை. அம்பாசடர், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1957-இல் வந்தது. அதன் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின், 1990-களில் ஜப்பானிய நிறுவனமான இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வரும்வரை அடிப்படையில் பெரிதாக மாறவே இல்லை. பானெட்டைத் திறந்தால் எஞ்சினைச் சுற்றி இரண்டு கைகளும் தாராளமாகப் போகும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் தூசி அடைத்துக்கொண்டால் கழற்றி ஊதலாம்; தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரில், பாயின்ட் எனப்படும் தொடுமுனை கரிந்துபோனால் உப்புத்தாளால் தேய்க்கலாம்; கடும் வெயிலில் பெட்ரோல் பம்ப்பு சூடேறி எரிபொருள் ஆவியாகி அடைத்துக்கொண்டால், ஈரத்துணியைச் சுற்றிச் சிறிது நேரம் காத்திருந்து புறப்படலாம். கியர்பாக்ஸ் பழுதாகப் போகிறது என்றால் முதலில் சத்தம் மாறும், கிளட்ச் தேயத் தொடங்கினால் ஏற்றத்தில் வண்டி இழுக்காது. தினமும் ஓட்டுகிறவருக்கு இவையெல்லாம் முன்கூட்டியே காதில் விழும், காலில் தெரியும்.

வடிவம் நெடுங்காலம் மாறாததால் உதிரிபாகமும் பெரிய தடையாக இருந்ததில்லை. பழைய வண்டியில் கழற்றிய எத்தனையோ சாமான்கள் புதியதில் பொருந்தும். சிறு ஊர்களின் கடைகளில்கூட அவை கிடைத்தன. எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் சரிசெய்து தருவார் என்ற அந்த நிச்சயத்தைத்தான் ஓட்டுநர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது என் உறுதியான கருத்து.

பதில்: பெருங்களத்தூர் பழையவர்

மதுரை நண்பர் சொன்னதில் உண்மை உண்டு. ஆயினும் அதை மட்டும் சொல்லி நிறுத்துவது, அந்தக் காலத்து வாங்குபவரின் நிலையை மறைத்துவிடும். கார் செய்ய அரசின் உரிமம் வேண்டும் என்ற கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் கார் செய்தவை முக்கியமாக மூன்றே நிறுவனங்கள்: உத்தரபாராவில் இந்துஸ்தான், பம்பாயில் பிரீமியர், எங்கள் சென்னையில் ஸ்டாண்டர்டு. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் ஒரே வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டிய ஒருவர் அதன் நெளிவுசுளிவு அனைத்தையும் கற்றுக்கொள்கிறார், அந்தத் தேர்ச்சியே அவருடைய முதலீடாகிவிடுகிறது. வேறு வண்டிக்கு மாறினால் அந்த முதலீடு முழுவதும் வீணாகும் என்பதால்தான், பின்னாளில் வாய்ப்பு வந்தபோதும் பலர் மாறத் தயங்கினார்கள். உங்கள் பெரியப்பாவின் மௌனத்துக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கெட்ட பெயர் உள்ள எல்லா வண்டிகளுக்கும் இந்தப் பற்று கிடைத்துவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். 1985-இல் வந்த ஸ்டாண்டர்டு 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காரின் அழகான உடலில் ஸ்டாண்டர்டின் பழைய வேன்கார்டு கார் எஞ்சினின் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சினைப் பொருத்திய வண்டி. விலை அதிகம், எரிபொருள் செலவும் அதிகம். சில ஆண்டுகளிலேயே அதன் உற்பத்தி நின்றுபோனது. அதைக் கற்றுக்கொள்ள ஓட்டுநர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் போதிய வண்டிகளோ காலமோ இருக்கவில்லை. எங்கள் ஊர் ஆலையின் வண்டி என்பதால் இது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

பதில்: கோவை டூரிஸ்ட் கார்

இருவரும் பட்டறையையும் சந்தையையும் பார்த்தீர்கள். பின்சீட்டில் இருப்பவரை மறந்துவிட்டீர்கள். சவாரிக்கு வருகிறவர்தான் ஓட்டுநருக்குச் சோறு போடுகிறார். கல்யாண வீட்டார், பிரசவத்துக்குப் போகிறவர்கள், வயதானவர்கள் என எல்லோரும் குனியாமல் ஏறி இறங்கக்கூடிய உயரமும், முன்னாலும் பின்னாலும் நீளமான ஒரே இருக்கையும், மூட்டை முடிச்சுகளை விழுங்கும் டிக்கியும் அதில் இருந்தன. கிராமத்து மண்பாதையில் அடி தட்டாமல் போகும், பின்னால் இரும்புப் பட்டைகளை அடுக்கிய வில் (லீஃப் ஸ்பிரிங்) இருப்பதால் சுமை ஏறினாலும் தாங்கும். டீசல் வண்டி வந்த பிறகு கிலோமீட்டர் செலவும் குறைந்தது. பழைய பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு டீசல் எஞ்சின் ஏற்றிக்கொண்ட முதலாளிகளும் உண்டு. இவ்வளவும் கொடுக்கிற வண்டி ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் கேட்டால், அதை ஊற்றுவதில் ஓட்டுநருக்கு மனத்தாங்கல் இருந்ததில்லை.

மறுமொழி: ஈரோட்டு வாசகன்

மூவருக்கும் நன்றி. அப்படியானால், 2013–14 நிதியாண்டில் விற்பனை ஏறத்தாழ 2,200 வண்டிகளாகச் சுருங்கியது ஏன்? ஓட்டுநர்களின் பற்று தளர்ந்துவிட்டதா?

பதில்: மதுரை பட்டறைக்காரன்

ஐயா, பற்றைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. சாலைகள் மேம்பட்டன, டீசலில் ஓடும் டாடா இண்டிகா போன்ற வண்டிகள் குளிர்சாதன வசதியோடு வந்தபோது சவாரிக்காரர்களே அவற்றைக் கேட்டார்கள், 2010-இல் பெருநகரங்களில் நடப்புக்கு வந்த பாரத் நிலை 4 புகைக் கட்டுப்பாடு, பழைய எஞ்சின்களுக்கு அங்கே கதவை அடைத்தது. பட்டறைகளிலும் இளைஞர்கள் புது வண்டிகளின் வேலையைத்தான் கற்க விரும்பினார்கள். பாயின்ட் இடைவெளியைக் கண்ணாலேயே பார்த்துச் சரிசெய்யும் மெக்கானிக் ஊரில் அருகிப்போனால், ஓட்டுநர் எதை நம்பி அந்த வண்டியில் வெளியூர்ச் சவாரி எடுப்பார்? கொல்கத்தாவில் நெடுங்காலம் நீடித்ததற்குக் காரணம், அங்கே மஞ்சள் டாக்சிகள் பெருங்கூட்டமாக இருந்ததால் அவற்றை நம்பிய பட்டறைகளும் சேர்ந்தே பிழைத்தன என்பதுதான். அங்கும் பதினைந்து ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் ஓடக் கூடாது என்ற விதி அவற்றை ஒவ்வொன்றாகச் சாலையிலிருந்து இறக்கிவருகிறது. விட மனமில்லாத ஓட்டுநரும் அந்த விதியின் முன் விட்டாக வேண்டியிருக்கிறது.